கரிசலில் நிற்காத புல்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ‘பெலூஸ்’ என்றால் மிதிக்கக் கூடாத புல்தரை. பூங்காவில் கால் வைத்தால் காவலாளி விசில் ஊதுவார். கோவில்பட்டிக்கு மாற்றலாகி வந்த பிறகுதான், மிதிபடுவதற்கென்றே புல் வளர்க்கப் படாதபாடு படும் ஊரைப் பார்த்தேன். ஹாக்கி ஊர் அல்லவா!

கரிசல் மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிக்கும்போது புல்லின் வேரும் அறுந்துபோகும். கோல் கம்பத்துக்கு முன்னால்தான் முதலில் வழுக்கை விழும். ஆட்டக்காரர்களின் கால் அதிகம் படும் இடம் அது. அங்கே பந்து எப்படித் துள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வழுக்கையை அடைக்க வழி இருந்தது. வெடிப்பில் மணலை நிரப்பி, மேல்மண்ணைக் கொத்தி, செம்மண்ணும் மக்கிய எருவும் கலப்பார்கள். அருகம்புல் கொடியை இரண்டு மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, அரைச் சாணுக்கு ஒன்றாக ஊன்றுவார்கள். ஐப்பசி மழைதான் ஏற்ற காலம். விதை தூவினால் மழை அடித்துக்கொண்டு போய்விடும். பிடித்த பிறகு அடிக்கடி மட்டமாக வெட்டினால் பக்கவாட்டில் படர்ந்து அடர்த்தியாகும். ஒரு மாதம் யாரும் கால் வைக்கக் கூடாது. எங்கே, பையன்கள் கேட்டால்தானே!

தண்ணீர்தான் பெரும்பாடு. குடிநீரே தாமிரபரணியிலிருந்து குழாயில் வரவேண்டிய ஊரில், புல்லுக்கு ஊற்றுங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

இதற்கிடையே உலகம் புல்லையே விட்டுவிட்டது. 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற இந்தியா, மறு ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழாம் இடத்துக்கு இறங்கியது. ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில் நடந்தது அதுதான் முதல் தடவை. தோல்விக்குத் தரை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மேடுபள்ளத்தில் பந்தை மட்டையோடு ஒட்டிக் கொண்டுபோகப் பழகிய கைக்கு, வழுக்கிக்கொண்டு ஓடும் தரை வேறு விளையாட்டுதான்.

கோவில்பட்டிக்குச் செயற்கைத் தரை வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை நம் பையன்கள் மண்ணில் ஆடிவிட்டு, வெளியூர் போய் அந்தத் தரையில் மோதினார்கள். இவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடியபோது, எங்கள் தெருவில் பேச்சு அதுதான்.

ஒரு வேடிக்கை. அந்த நீலத் தரையையும் ஆட்டத்துக்கு முன் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டுமாம்.