கண்ணாடிக்குள் அடங்கிய கடல்

மனிதனின் ஆசைக்கு எல்லை இல்லை என்பர். பொன்னிலும் பொருளிலும் பதவியிலும் மட்டுமே அவ்வாசை தோன்றும் என்று கருதுதல் தவறு. ஓய்வு நேரத்தை இனிதாகக் கழிக்க ஒருவன் மேற்கொள்ளும் எளிய பொழுதுபோக்கிலும் அது மெல்லப் புகுந்துவிடுகிறது. வீட்டின் ஒரு மூலையில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் கடல்நீர் நிரப்பிப் பவளமும் மீனும் வளர்க்கும் கலை இதற்கு நல்ல சான்றாகும். ஏறத்தாழ 180 ஆண்டுகளாக வளர்ந்து வந்துள்ள அக்கலையின் வரலாற்றை நோக்கினால், அதில் இரண்டு குரல்கள் மாறி மாறி ஒலிப்பதைக் கேட்கலாம். ஒன்று, 'இருப்பதைப் பேணு' என்னும் குரல். மற்றொன்று, 'இன்னும் வேண்டும்' என்னும் குரல்.

ஓர் அம்மையாரின் பொறுமை

1846 ஆம் ஆண்டில் அன்னா தின் என்னும் ஆங்கில அம்மையார், இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரையில் உள்ள டார்க்கீ நகருக்கு ஓய்வுக்காகச் சென்றிருந்தார். அவருடைய கணவர் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் திருக்கோயிலில் பணியாற்றிய குருமார்களுள் ஒருவர். கடலோரப் பாறைகளில் ஒட்டி வாழும் சிறிய கற்பவள உயிர்களைக் கண்ட அம்மையார் அவற்றின் அழகில் மனத்தைப் பறிகொடுத்தார். சிலவற்றைக் கடல்நீர் நிரம்பிய ஒரு கல்சாடியில் இட்டு இலண்டனுக்குக் கொண்டு சென்றார். வழியில் அவை புரண்டு விழாமல் இருக்க, ஊசியும் நூலும் கொண்டு அவற்றைக் கடற்பஞ்சோடு சேர்த்துத் தைத்து வைத்தார்!

இலண்டனில் கடல் ஏது? கொண்டு வந்த நீரைக் கொட்டிவிட்டால் வேறு நீர் கிடைப்பது அரிது. ஆகவே, வீட்டுப் பணிப்பெண் திறந்த சாளரத்தின் அருகே நின்று, அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்திற்கு மாற்றி மாற்றி ஊற்றுவாள். அரைமணி நேரத்திற்கும் மேலாக இவ்வாறு ஆற்றினால் நீரில் காற்றுக் கலந்துவிடும். உயிர்கள் மூச்சு விடும். மறு ஆண்டில் அம்மையார் கடற்பாசிகளையும் தொட்டியில் சேர்த்தார். பாசி வெளிவிடும் உயிர்வளி பணிப்பெண்ணின் பணியைக் குறைத்தது. அப்பவள உயிர்கள் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வாழ்ந்ததோடு, பெருகவும் செய்தன. அம்மையார் கண்டு குறித்தவை 1859 ஆம் ஆண்டில் இயற்கை வரலாற்று இதழொன்றில் வெளியாயின.

ஒரு கல்சாடி அளவே தொடக்கம். அதில் இருந்த உயிர்களும் சிலவே. ஆயினும் அவர் கண்டவை பல. இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

இதே காலத்தில் இலண்டனில் வாழ்ந்த இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர், நன்னீர்த் தொட்டி ஒன்றில் இரண்டு பொன்மீன்களையும் ஒரு நீர்ச்செடியையும் இட்டு ஆராய்ந்தார். செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கியது. அவ்வழுகலைத் தின்னும் நத்தைகளை அவர் இட்டார், நீர் தெளிந்தது. மீன் விடும் கரியமில வளியைச் செடி ஏற்கிறது. செடி விடும் உயிர்வளியை மீன் ஏற்கிறது. இரண்டின் கழிவையும் நத்தை துப்புரவு செய்கிறது. தொட்டி நிலைபெறுவதற்கு எண்ணிக்கை காரணம் அன்று, சமநிலையே காரணம் என்பதை 1850 ஆம் ஆண்டில் அவர் வேதியியல் சங்கத்தில் எடுத்துரைத்தார்.

கோஸ் மூட்டிய ஆர்வத்தீ

இவ்விருவரும் வீட்டுக்குள் செய்ததை நாடறியச் செய்தவர் பிலிப் ஹென்றி கோஸ் என்னும் இயற்கை அறிஞர். 1853 ஆம் ஆண்டு மே மாதத்தில் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் மீன் இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. கோஸ் திரட்டிக் கொடுத்த கடல் உயிர்கள் அதில் இடம் பெற்றன. மறு ஆண்டில் கடற்றொட்டியைப் பற்றி அவர் எழுதிய நூல், வண்ணப் படங்களுடன் வெளிவந்து மக்களை மயக்கியது.

காலமும் அதற்கு இசைந்திருந்தது. கண்ணாடி மீதிருந்த வரி 1845 ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டதால் கண்ணாடியின் விலை குறைந்திருந்தது. இருப்புப்பாதைகள் பெருகியதால் நகரத்தார் எளிதாகக் கடற்கரைக்குச் சென்றனர். கடற்கரை உயிர்களும் எளிதாக நகரத்துக்கு வந்தன. இலண்டனில் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாய்டு என்பவர் கடல் உயிர்களுக்கென்றே கடை திறந்தார். தொட்டி, நீர், பாசி, கடற்சாமந்தி, நண்டு என அனைத்தும் விலைக்குக் கிடைத்தன. நடுத்தர வகுப்பாரின் கூடங்களில் தொட்டி ஒரு நாகரிகச் சின்னமாயிற்று.

அடுத்த வீட்டில் ஐந்து கடற்சாமந்திகள் இருப்பின் இவ்வீட்டில் பத்து இருத்தல் வேண்டும். அவை வாடினால் கடற்கரைக்குச் சென்று மேலும் பத்தைப் பெயர்த்துக் கொள்ளலாம் என்னும் போக்கு வளர்ந்தது. உளியும் சுத்தியலும் கூடையும் ஏந்திப் பாறைகளின் மேல் மக்கள் திரள் திரளாக ஏறினர். சிறு தொட்டியில் அளவுக்கு மிஞ்சி அடைக்கப்பட்ட உயிர்கள் மடிந்தன. ஒன்று மடிந்து அழுகினால் அந்நீர் மற்றவற்றுக்கும் நஞ்சாகும். 1860 களில் அந்த ஆர்வம் தணிந்துவிட்டது. லாய்டின் கடையும் 1862 ஆம் ஆண்டில் நொடித்தது.

தந்தையின் துயரம்

இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதி இனித்தான் வருகிறது. கோஸின் மைந்தர் எட்மண்டு கோஸ் பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளரானார். சிறுவனாய் இருந்தபோது தந்தையோடு டெவன்ஷயர்க் கடற்கரையில் பாறைக் குளங்களைத் தேடித் திரிந்தவர் அவர். 1907 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்னும் நூலில் அக்குளங்களின் பழைய அழகை நினைவு கூர்கிறார். எவர் கையும் படாமல் இருந்த அப்பாறைக் குளங்கள், சேகரிப்போரின் படையெடுப்பால் வெறுமையாயின என்றும், தம் நூல்களே அவ்வழிவுக்கு வழி செய்தன என்பதைத் தந்தையார் உணர்ந்து பெரிதும் மனம் வருந்தினார் என்றும் அவர் எழுதுகிறார்.

கோஸ் பேராசைக்காரர் அல்லர். ஒவ்வோர் உயிரையும் இறைவனின் படைப்பாக எண்ணி வணங்கிய பக்திமான் அவர். தாம் கண்ட அழகைப் பிறரும் காணவேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆனால் அழகை அடைந்தவர்கள் அளவை மறந்தனர். காண்பதற்காக எழுந்த ஆசை கவர்வதற்கான ஆசையாக மாறியபோது, காணத்தக்க பொருளே அழியலாயிற்று.

லாய்டு தம் தோல்வியிலிருந்து பாடம் கற்றார் எனலாம். 1871 ஆம் ஆண்டில் இலண்டன் படிக மாளிகையில் அமைந்த மீன்காட்சிச்சாலையில், மக்கள் காணும் தொட்டிகளுக்குக் கீழே இருளில் ஒரு பெரிய நீர்த்தேக்கத்தை அவர் அமைத்தார். தேக்கத்து நீர் இடையறாது மேலே சென்று மீண்டும் கீழே வந்தது. கண்ணுக்குத் தெரியும் உயிர்கள் சில; அவற்றைக் காக்கும் நீரோ மிகப் பெரிது. இதுவே அவ்வமைப்பின் கருத்து.

ஜகார்த்தாவில் தோன்றிய எளிய வழி

வெப்ப நாட்டுப் பவளப்பாறை உயிர்களை வளர்ப்பது இன்னும் கடினமான செயல். அதற்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவில் வாழ்ந்தார் என்பது பலர் அறியாத செய்தி. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் 1961 ஆம் ஆண்டில் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் தம் முறையை விளக்கி எழுதினார். கடல்நீர், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறைத் துண்டுகள், பவளங்கள், சில மீன்கள், நல்ல வெளிச்சம், மெல்லிய காற்றுக் குமிழிகள் ஆகியவையே அவர் வேண்டியவை. வடிகட்டும் கருவி எதுவும் இல்லை.

இதன் உட்பொருள் யாது? மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் உண்டாகிறது. பாறையின் நுண்துளைகளில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீமை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்நுண்ணுயிர்கள் பெருகப் பல வாரங்கள் ஆகும். அதுவரை காத்திருப்பவன் வெல்கிறான். முதல் வாரத்திலேயே பத்து மீன்களை வாங்கி விடுபவன் அவற்றைப் புதைக்கிறான். உணவை அள்ளிக் கொட்டுபவனுக்கும் அதே கதிதான். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழி, கடற்றொட்டியில் சொல்லுக்குச் சொல் பலிக்கிறது.

கருவியும் வேட்கையும்

1986 ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸ்மிட் என்பவர் அமெரிக்க இதழொன்றில் எழுதிய கட்டுரைகள், வீட்டுக்குள் சிறு பவளப்பாறை அமைக்கும் ஆர்வத்தைப் பரப்பின. கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி, அலையை உண்டாக்கும் இயந்திரம், கதிரவனை ஒத்த விளக்கு எனப் பல வந்தன. இவற்றைப் பழித்தல் நேர்மை ஆகாது. பவள உயிரின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன; ஒளி போதாவிடின் அப்பாசிகள் நலியும், பவளமும் நலியும். நல்ல விளக்கு வந்த பின்னரே பல பவளங்கள் தொட்டியில் உயிர் பிழைத்தன.

ஆயினும் கருவி பெருகப் பெருக வேட்கையும் பெருகிற்று. நூறு லிட்டர்த் தொட்டி வைத்தவன் முந்நூறு லிட்டருக்கு ஏங்கினான். முந்நூறு வைத்தவன் ஆயிரத்துக்கு ஏங்கினான். விரல்நகம் அளவே உள்ள பவளத் துண்டுகள், நிறத்துக்கு ஏற்பக் கவர்ச்சிப் பெயர்கள் சூட்டப்பட்டு நூற்றுக்கணக்கான வெள்ளிக்கு விலைபோயின. 2003 ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட அறிக்கை, ஆண்டுதோறும் 2 கோடிக்கு மேற்பட்ட கடல் மீன்களும் 1 கோடிக்கு மேற்பட்ட பவளத் துண்டுகளும் இவ்வணிகத்தில் கைமாறியதாக மதிப்பிட்டது.

இதன் விளைவுக்குச் சுலாவெசித் தீவின் கிழக்கே உள்ள பாங்காய்த் தீவுக்கூட்டம் சான்று கூறும். வெள்ளி உடலும் கரிய பட்டைகளும் கொண்ட ஓர் அழகிய சிறு மீன் அங்கே மட்டும் இயற்கையில் தோன்றியது. 1933 ஆம் ஆண்டில் அறிவியலார் அதற்குப் பெயரிட்டனர், பின்னர் மறந்தனர். 1990 களின் நடுவில் அது மீண்டும் வெளியுலகின் கண்ணிற் பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஆண்டுக்குப் பல இலட்சம் மீன்கள் பிடிக்கப்பட்டன. இம்மீனின் முட்டைகளை ஆண்மீன் தன் வாயில் ஏந்திக் காக்கிறது. குஞ்சுகள் பிறந்த இடத்தை விட்டு நெடுந்தொலைவு செல்வதில்லை. எனவே ஓரிடத்தில் இருப்பவற்றை வாரி எடுத்துவிட்டால், வேறிடத்திலிருந்து வந்து நிரப்ப மீன் இல்லை. 2007 ஆம் ஆண்டில் அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. டெவன்ஷயரில் நிகழ்ந்தது நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் பாங்காயில் நிகழ்ந்தது.

எது மனநிறைவு?

'மனநிறைவு கொண்டால் முன்னேற்றம் ஏது? அன்னா தின் ஆசைப்படாமல் இருந்திருந்தால் இக்கலையே பிறந்திராதே!' என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் ஆசையில் இரு வகை உண்டு. அறிய விரும்பும் ஆசை ஒன்று. அடைய விரும்பும் ஆசை மற்றொன்று. முன்னது சிறு சாடியிலும் நிறைவு காணும். பின்னதற்குக் கடலே கிடைப்பினும் போதாது.

அறியும் ஆசையின் பயனும் கண்கூடு. பாங்காய் மீன் தந்தையின் வாயில் வளர்வதால், பொறுமையுள்ளவர்கள் அதனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்வித்தனர். கோமாளி மீன்களும் அவ்வாறே வளர்க்கப்படுகின்றன. பல்லாண்டுகள் முயன்றும் இயலாதிருந்த மஞ்சள் டாங் மீனை, 2015 ஆம் ஆண்டில் ஹவாயித் தீவின் ஆய்வாளர்கள் முட்டையிலிருந்து வளர்த்துக் காட்டினர். தொட்டியில் பிறக்கும் ஒவ்வொரு மீனும் கடலில் ஒரு மீனை விட்டுவைக்க உதவும்.

பவளமும் ஒரு பாடம் கற்பிக்கிறது. அதனை அடிக்கடி இடம் மாற்றாமல், நீரை நிலையாக வைத்து, ஆண்டுக்கணக்கில் விட்டுவைத்தால் அது தானே வளர்ந்து தொட்டியை நிறைக்கிறது. அப்போது உரியவர் ஒரு கிளையை ஒடித்து மற்றொருவருக்குக் கொடுக்கிறார்; ஒடித்த இடம் மீண்டும் தழைக்கிறது. பெற்றவர் கடலிலிருந்து ஒன்றைப் பெயர்க்க வேண்டிய தேவை இல்லாமற் போகிறது. மேலும் மேலும் வாங்கிக் குவித்தவரின் தொட்டியில் பிறருக்குக் கொடுக்க எதுவும் எஞ்சுவதில்லை. சிலவற்றோடு அமைந்து அவற்றைப் பேணியவரின் தொட்டியோ ஊருக்கே வழங்குகிறது.

கோஸ் தம் முதுமையில் வருந்திய வருத்தத்துக்கு மாற்று இங்கே இருக்கிறது. கடலைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவர எவராலும் இயலாது. ஆனால் அதன் ஒரு துளியை நன்கு காப்பவர், எஞ்சிய கடலையும் காக்கத் துணை செய்கிறார்.