நினைவகம் வளர்ந்த வரலாறு

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் விளையாட்டு மடிக்கணினி வாங்கிய இளைஞர் இருவர் சந்திப்பின், அவர்தம் உரையாடல் விரைவில் நினைவகத்தைப் பற்றியதாகிவிடும். நினைவகத்தைப் பெருக்குதல் ஒன்று. ஓவர்கிளாக்கிங் எனப்படும் மிகைவேகத்தில் அதனை இயக்குதல் மற்றொன்று. இவ்விரு விருப்பங்களும் நேற்றுத் தோன்றியவை அல்ல. கணினியின் வரலாறே ஒருவகையில் நினைவகத்தின் வரலாறு எனலாம்.

1960களின் நடுப்பகுதியில், இந்நாட்டின் முதற் கணினிகளுள் ஒன்றாக ஐபிஎம் 1401 வகைக் கணினியைத் தேசிய மின்சார வாரியம் நிறுவியது. அவ்வாரியமே 1990ஆம் ஆண்டில் தெனாகா நேஷனல் ஆயிற்று. அதன் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸை அடுத்த பங்சார் பகுதியில் உள்ளது. 1401 கணினியின் நினைவகம், சிறு காந்த வளையங்களைக் கம்பிகளில் கோத்து அமைத்தது. 4,000 எழுத்துகளுக்கு மேல் வேண்டுமாயின் தனிப் பெட்டி ஒன்றை வாங்கி இணைத்தல் வேண்டும். அவ்வாறு இணைத்தும் எல்லை 16,000 எழுத்துகளே. நினைவகத்தைப் பெருக்கும் வேட்கை அன்றே தொடங்கிவிட்டது.

1968ஆம் ஆண்டில் ராபர்ட் டென்னார்ட் என்னும் அறிஞர், ஒரே டிரான்சிஸ்டரும் ஒரே மின்தேக்கியும் கொண்ட நினைவகச் சிற்றறைக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்து 1970இல் இன்டெல் நிறுவனம் 1,024 பிட்டுகள் கொண்ட 1103 என்னும் சில்லை வெளியிட்டது. இன்றைய மடிக்கணினியில் உள்ள 16 கிகாபைட் நினைவகம் ஏறத்தாழ 137 பில்லியன் பிட்டுகளைத் தாங்குகிறது. இதே காலத்தில், 1971ஆம் ஆண்டின் தடையற்ற வணிக வட்டாரச் சட்டத்தைத் தொடர்ந்து, சுங்கைவே, உலு கிள்ளான் ஆகிய இடங்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தன. கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் நுண்ணோக்கியில் கண்பதித்து உழைத்தனர். உலகின் மின்னணு வளர்ச்சியில் அக்கைகளின் பங்கும் உண்டு என்பதை மறத்தல் ஆகாது.

தமிழ்மொழிக்கும் நினைவகத்தோடு உறவு உண்டு. 1985ஆம் ஆண்டில் மலேசியரான முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை உருவாக்கியபோது, டாஸ் இயக்கமுறை நிரல்களுக்கு ஒதுக்கிய நினைவகம் 640 கிலோபைட் மட்டுமே. அக்குறுகிய இடத்தில்தான் நம் எழுத்துகளும் இடம்பெற வேண்டியிருந்தது. இன்று ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்னும் ஒரு சொல் 15 பைட்டுகளைக் கொள்கிறது. நினைவகம் பெருகியமையால் இது பொருட்டாகத் தோன்றவில்லை.

கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பகுதியில் அமைந்த லோ யாட் பிளாசா கணினிப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற அங்காடியாயிற்று. நினைவகப் பலகை ஒன்றை வாங்கி, மின்தொடர்பைத் துண்டித்து, பொருத்திடத்தில் சாய்வாகச் செருகி அழுத்தினால் பழைய மடிக்கணினி புத்துயிர் பெறும். ஒத்த பலகைகள் இரண்டை இணைத்தால் தரவு செல்லும் பாதையும் இருமடங்கு அகலும். குறைந்த வருவாயினர்க்கு இது பெரும் பேறு.

மிகைவேகமோ வேறு தன்மையது. மின்தேக்கியில் தேங்கிய மின்னூட்டம் கசிந்துகொண்டேயிருப்பதால், பொதுவாக 64 மில்லிநொடிக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தல் வேண்டும்; படிப்பதற்கும் குறித்த நேரம் தேவை. அந்நேரத்தைக் குறைத்து விரட்டினால் பிழை நேரும். 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய டிடிஆர் வரிசையில், டிடிஆர்-400 பலகையின் காத்திருப்பு 15 நானோநொடி. அதனினும் எட்டு மடங்கு வேகமுள்ள டிடிஆர்4-3200 பலகையின் பொதுவான காத்திருப்பு 13.75 நானோநொடி. பாய்ச்சல் பெருகியதே அன்றிக் காத்திருப்பு பெரிதும் குறையவில்லை என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. பல மடிக்கணினிகளில் வேகத்தை மாற்றவும் இயலாது. மாற்ற இயன்றவற்றிலும் வெப்பம் தடையாகும். விளையாட்டு இடையில் நின்றால் மீளத் தொடங்கலாம். மாணவன் எழுதிய கட்டுரையில் ஓரிடம் பிழைபட்டுப் பதிந்தால் அதனை யார் அறிவார்? எனவே வேகத்தைக் கூட்டியோர் மெம்டெஸ்ட்86 போன்ற நிரலால் பல மணி நேரம் சோதித்தல் கடமையாகும்.

இன்று வேறொரு மாற்றம் நிகழ்கிறது. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்படுகிறது. வாங்கிய நாளின் அளவே இறுதி அளவு. செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நினைவக விலையும் கடுமையாக உயர்ந்தது. அன்று நிறுவனங்கள் மட்டுமே பெற்ற வாய்ப்பு இடையில் எளியோர் கைக்கு வந்தது. அது மீண்டும் நழுவலாகாது. ஆகவே கணினி வாங்கும் மாணவர், அதன் பளபளப்பைக் காணுமுன், நினைவகத்தை மாற்ற இடமுண்டா என்று வினவுதல் வேண்டும். வேகத்தை நாடுமுன் உறுதியை நாடுதலே அறிவுடைமை.