மொட்டை மாடியில் பண்ணை அமைத்த சிங்கப்பூர்... '30-க்கு 30' இலக்கைக் கைவிட்டது ஏன்?

நகரத்துக்குள்ளேயே விவசாயம் என்றால் பலரும் உதாரணமாகக் காட்டும் நாடு சிங்கப்பூர். அந்த நாடே 2025 நவம்பரில் தனது '30-க்கு 30' இலக்கைக் கைவிட்டு, வேறு இலக்குகளை அறிவித்தது. என்னதான் நடந்தது?

அது என்ன '30-க்கு 30'?

சிங்கப்பூரில் விவசாயத்துக்கு ஒதுக்கப்பட்டிருப்பது மொத்த நிலத்தில் சுமார் 1 சதவீதம்தான். உணவில் 90 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி. இந்த நிலையை மாற்ற, மக்களின் ஊட்டச்சத்துத் தேவையில் 30 சதவீதத்தை 2030-க்குள் உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வோம் என 2019-ல் அரசு அறிவித்தது.

அடுத்த வருஷமே கொரோனா. வெளிநாட்டுச் சரக்கை மட்டும் நம்பியிருக்க முடியாது என்ற பயம் கூடியது. முட்டை, கீரை, மீன் உற்பத்தியை வேகப்படுத்த 3 கோடி சிங்கப்பூர் டாலர் மானியம் ஒதுக்கப்பட்டது. அரசுக் குடியிருப்புகளில் இருக்கும் பல மாடி கார் பார்க்கிங் கட்டடங்களின் மொட்டை மாடிகள், பண்ணை அமைக்க டெண்டர் விடப்பட்டன.

2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும், அந்தப் பயம் நிஜமானது. சிக்கன் ரைஸ் கடைகளே ஃப்ரெஷ் கோழி கிடைக்காமல் திண்டாடின.

அப்புறம் எங்கே சிக்கல்?

செடி வளர்ந்தது, கணக்குதான் உதைத்தது. மூடிய அறைக்குள் அடுக்கடுக்காக வளர்க்கும் பண்ணைக்கு எல்இடி விளக்கும் ஏசியும் ஓட வேண்டும். மின்கட்டணம் ஏறினால் கீரை விலையும் ஏறும். ஆனால், பக்கத்து மலேசியாவிலிருந்து லாரியில் வரும் கீரை மலிவு. வாங்குபவர் கை எதை எடுக்கும்?

2022-ல் உள்நாட்டுக் காய்கறியின் பங்கு சுமார் 4 சதவீதம். 2024-ல் அது 3 சதவீதமாகக் குறைந்தது. அதே ஆண்டில் கடல் உணவு சுமார் 6 சதவீதம்; முட்டை மட்டும் 34 சதவீதம்.

புதிய இலக்கு என்ன?

2035-க்குள் நார்ச்சத்து உணவுகளில் 20 சதவீதம், புரத உணவுகளில் 30 சதவீதம் உள்நாட்டு உற்பத்தி. நார்ச்சத்தில் இலைக் காய்கறி, முளைப்பயிறு, காளான் போன்றவை அடங்கும். புரதம் என்றால் முட்டை, மீன் போன்றவை. அதாவது, அங்கே எது கட்டுப்படியாகுமோ அதில் கவனம்.

உள்நாட்டு உற்பத்தி கைகொடுக்காத இடத்தை நிரப்ப மூன்று வழிகள்: பல நாடுகளிலிருந்து இறக்குமதி, கையிருப்பு, பிற நாடுகளுடன் ஒப்பந்தம். அரிசி இறக்குமதியாளர்கள் இரண்டு மாத இறக்குமதிக்குச் சமமான கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்ற விதி அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

மாடித்தோட்டம் வீண் என்று அர்த்தமில்லை. வீட்டுக்கு வேண்டிய கீரைக்கும் மிளகாய்க்கும் அது தாராளமாகப் போதும். ஆனால், மாடியை நம்பி ஒரு நகரத்துக்கே சோறு போட முடியுமா என்றால், பணமும் தொழில்நுட்பமும் உள்ள சிங்கப்பூருக்கே அது எட்டவில்லை. நகரத்தைச் சுற்றியிருக்கும் விளைநிலங்கள் பிளாட்டுகளாக மாறும்போது, இந்தக் கணக்கையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.