வரி முடியும் இடம்

புஸ்தகத்தில் திருப்பாவையைப் பார்க்கிற நமக்கு, பாட்டுக்கு எட்டு அடி என்பதில் சந்தேகமே எழுவதில்லை. அச்சிட்டவர் எட்டு வரியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார், கண் எண்ணிவிடுகிறது. ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலாகட்டும், வேறெந்த ஊரிலாகட்டும், ஏட்டில் எழுதி வைத்த நம் முன்னோர் இந்த உபகாரத்தைச் செய்யவில்லை.

பனை ஓலைக்கு நீளம் உண்டு. அகலம் இரண்டு விரற்கடைதான். எழுதுகிறவர் இடது ஓரத்தில் எழுத்தாணியை வைத்தால், வலது ஓரம் வரும்வரை நிறுத்தமாட்டார். கயிறு கோக்கும் துளைக்கு மட்டும் சற்று ஒதுங்குவார். ஓலை தீர்ந்த இடத்தில் சொல் பாதியில் நின்றாலும் அவருக்குக் கவலையில்லை. மீதி அடுத்த வரிக்குப் போகும். சொற்களுக்கிடையே இடம் விடுவதில்லை. மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் கிடையாது. 'தாமரை' என்றால் பூவா, தாவுகிற மரை என்னும் மானா என்று இலக்கண ஆசிரியர்கள் கேட்பது நமக்கு வேடிக்கை. ஏடு படித்தவருக்கோ அன்றாடச் சங்கடம்.

அப்படியானால் அடி எங்கே இருந்தது? காதில் இருந்தது. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்து வருவதை எதுகை என்கிறோம். திருப்பாவையின் முதற் பாட்டில் எட்டு அடிக்கும் ஒரே எதுகை. எதுகை ஒலித்தால் புது அடி பிறந்தது என்று அர்த்தம். அதை அலங்காரம் என்றே பலரும் நினைக்கிறார்கள். வரி பிரிக்கும் காவற்காரன் என்றே நான் சொல்வேன்.

அந்தக் காவல் தளர்ந்த இடத்தில் பட்ட பாட்டை உ. வே. சாமிநாதையர் அறிவார். 1894ல் அவர் பதிப்பித்த புறநானூறு பெரும்பாலும் ஆசிரியப்பா. அதில் எதுகை அடிதோறும் வருவதில்லை. சீரை எண்ணித்தான் அடியைக் காண வேண்டும். ஓர் எழுத்தைச் செல் அரித்திருந்தால் கணக்கே ஆட்டங்காணும்.

1578ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது முதல் தமிழுக்குக் காகிதம் கிடைத்தது. ஆனாலும் வரி ஓரத்தில் இணைப்புக்குறி போடாமலே சொல்லை முறிக்கும் ஓலைப் பழக்கம் நம் அச்சில் தொடர்ந்து வந்திருக்கிறது. இன்று கணிப்பொறிக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: 'கொ' என்பது ஓரெழுத்து, அதன் கொம்பைத் தனியே விட்டுப் போகாதே என்று. எழுத்தைக் காக்க அது போதும். அடியைக் காக்கப் போதாது. கைபேசியின் சிறு திரையில் பாட்டு எங்கெங்கோ ஒடிகிறது.

மார்கழி விடியலில் ராஜபாளையத்துத் தெருவிலோ ஸ்ரீவில்லிபுத்தூர் மாடவீதியிலோ திருப்பாவை சொல்லும் பெண்களைக் கேளுங்கள். எழுத்து அறியாத பாட்டிகூட அடியைத் தப்பான இடத்தில் முறிக்கமாட்டாள். அந்தக் காது நம் பிள்ளைகளுக்கும் வாய்த்தால், ஓலையோ திரையோ, வரி எங்கே வேண்டுமானாலும் முடியட்டும், பாட்டு முறியாது.