மன்னார்க் கடலடியில் கேமரா

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களைச் சோதிக்கும் வேலை பல நூற்றாண்டுகளாகக் முத்தெடுக்க மூழ்கும் குளியாளின் வாய்ச்சொல்லையும் அவன் கூடையையும் நம்பியே நடந்தது. பார் என்பது சிப்பி ஒட்டி வளரும் கடலடிப் பாறைத் திட்டு. சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவிப்பதற்கு முன் அரசின் ஆட்கள் தோணிகளில் போய்க் குளியாட்களை இறக்குவார்கள். ஒரு முழுக்குக்கு எத்தனை சிப்பி ஏறுகிறது என்று எண்ணிப் பாரின் வளத்தைக் கணிப்பார்கள். மாதிரிச் சிப்பிகளை அழுகவைத்துக் கழுவி, கிடைத்த முத்துக்கு விலை மதித்த பிறகே சலாபம் கூறப்படும். கணக்குப் போட்ட அதிகாரிகள் பெரும்பாலும் பாரைக் கண்ணால் கண்டதில்லை.

குளிப்பு முறை எளியது, கடுமையானது. கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்துக் குளியாள் இறங்குவான். அடி தொட்டதும் கல்லை மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார். அவன் கைக்கு எட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பான். ஆழம் பெரும்பாலும் 9 முதல் 18 மீட்டர். மூச்சடக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில் கடல் அடங்கி நீர் தெளியும். சலாபங்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் நடந்தன. பிற்காலத்தில் நீரடிப் படமெடுக்க வந்தவர்களுக்கும் அதே மாதங்கள்தான் வாய்த்தன.

சிப்பி ஏன் சில ஆண்டுகள் குவிகிறது, ஏன் திடீரென்று மறைகிறது என்பதை ஆராய லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902-இல் இலங்கைக்கு வந்தார். உதவியாளராக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். ஐந்து தொகுதிகளாக 1903 முதல் 1906 வரை வெளிவந்த அவர்களின் அறிக்கை இன்றும் படிக்கத் தகுந்தது. ஆனாலும் அவர்களுடைய கண் பெரும்பாலும் கப்பலின் மேல்தளத்தில்தான் இருந்தது. கடலடியை வாரும் வலையில் வந்ததும் குளியாள் கொண்டுவந்ததுமே அவர்களுக்கு முதன்மைச் சான்று.

அதற்கு ஏறக்குறையப் பத்தாண்டு முன்பே நீரடிப் படம் சாத்தியம் என்று காட்டப்பட்டிருந்தது. பிரான்சின் பன்யூல்ஸ் கடற்கரையில் 1893-இல் லூயி பூத்தான் ஒரு பெட்டிக்குள் கேமராவை வைத்துக் கடலடிக்குக் கொண்டுபோனார். நீரின் அழுத்தம் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டலம் கூடுகிறது. பெட்டி அதைத் தாங்குவதற்காக அவர் காற்று நிரப்பிய ரப்பர்ப் பையொன்றை அதனுடன் இணைத்தார். வெளியழுத்தம் பையை நசுக்க, பையின் காற்று பெட்டிக்குள் புகுந்து இரு பக்கமும் சமன்படும். கேமராவைக் காப்பது என்ற கலை இந்தப் பையிலிருந்து தொடங்குகிறது எனலாம். ஆனால் பூத்தானின் கருவி கனமானது, தலைக்கவச உடையோடு இறங்கும் மூழ்காளருக்கே ஏற்றது. ழாக் கூஸ்தோவும் எமில் காக்னனும் 1943-இல் உருவாக்கிய அக்வாலங் வந்த பிறகுதான், மூழ்குபவர் தன் காற்றை முதுகில் சுமந்துகொண்டு, இரு கையும் ஓய்வாக, மீனைப் போலத் திரும்ப முடிந்தது. ஸ்கூபா என்று இன்று அழைக்கப்படுவது அதன் வழிவந்ததே.

தூத்துக்குடிக்கு அது 1950களின் இறுதியில் வந்தது. அங்கே 1955-இல் மீண்டும் தொடங்கிய சலாபங்கள் 1961 வரை நடந்து, அத்தோடு நின்றுபோயின. இடையில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு அனுப்பிய இத்தாலிய உயிரியலாளர் பாஸ்கியேரி சால்வதோரி முத்துப் பார்களையும் சங்குப் படுகைகளையும் ஆராய்ந்தார். அவர் அறிக்கை 1960-இல் வெளியானது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மகாதேவன், நாகப்பன் நாயர் ஆகியோர் தாங்களே ஸ்கூபா அணிந்து இறங்கி, தூத்துக்குடிக் கடலடியைப் பற்றி 1960களில் தொடர்கட்டுரைகள் எழுதினார்கள். எண்ணிக்கையை ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதிவைத்த காலம் அங்கே முடிந்தது. பாரைப் பார்த்தவரே அதைப் பற்றி எழுதினார்.

கேமராவை மையமாக்கிய வேலை இக்கடலுக்கு அப்பால் நடந்தது. எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் 1956-இல் இலங்கையில் தங்கி மூழ்கத் தொடங்கினார்கள். உள்ளூர் மூழ்காளர் ராட்னி ஜோங்க்ளாஸ் அவர்களுக்குத் துணை. போர்த்துக்கேயர் 1620களில் இடித்த திருகோணமலைக் கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் கிடப்பதை அவர்கள் அங்கே கண்டார்கள். கோயில் கடலுக்குள் விழுந்தது என்பது அப்பகுதித் தமிழர் வழிவழியாகச் சொல்லிவந்த செய்திதான். 1957-இல் வெளிவந்த கிளார்க்கின் ‘தி ரீஃப்ஸ் ஆஃப் தப்ரபேன்’ அந்தத் தேடலை உலகுக்குக் கொண்டுபோயிற்று. நகரத்தில் 1950-இல் கிணறு தோண்டும்போது கிடைத்த செப்புத் திருமேனிகளோடு கடலடிச் சான்றும் சேர்ந்துகொண்டது. மீண்டும் கட்டப்பட்ட கோயிலுக்கு 1963-இல் குடமுழுக்கு நடந்தது.

இரண்டாவது கண்டுபிடிப்பு முற்றிலும் கேமராவின் தயவு. இலங்கையின் தென்கிழக்கே கிரேட் பாசஸ் பாறைத்தொடரில் 1961-இல் சிறுவர்களை வைத்து நீரடிப் படம் எடுத்துக்கொண்டிருந்த வில்சன் குழு, உடைந்த கப்பலொன்றின் பீரங்கிகளையும் வெள்ளி நாணயக் குவியலையும் கண்டது. நாணயங்கள் ஔரங்கசீப் காலத்தில் சூரத்தில் அச்சானவை. ஹிஜ்ரி 1113, அதாவது 1701-02.   அந்தக் கண்டுபிடிப்புக்கு அடுத்த ஆண்டு வில்சன் இயக்கிய ‘ரன் முத்து தூவ’ சிங்களத்தின் முதல் வண்ணப்படமாக, நீரடிக் காட்சிகளோடு வெளிவந்தது.

அந்தக் காலத்துக் கேமராவைக் கடலுக்குள் கொண்டுபோக இரண்டு வழி இருந்தது. ஒன்று, கரையில் பயன்படும் கேமராவை உலோகத்திலோ அக்ரிலிக்கிலோ செய்த உறைக்குள் வைப்பது. மற்றது, கேமராவையே நீர்புகாமல் கட்டுவது. பெல்ஜியப் பொறியாளர் ழான் த வூத்தர்ஸ் வடிவமைத்த கலிப்சோ 1960-இல் வந்தது. நிக்கான் அதை 1963-இல் நிக்கோனாஸ் என்ற பெயரில் தன்வயமாக்கி, அடுத்தடுத்த வடிவங்களாக 2001 வரை தயாரித்தது. இரு வழியிலும் உயிர்நாடி ஒன்றே: ஓ-ரிங் எனப்படும் மெல்லிய ரப்பர் வளையம். பள்ளத்தில் அமர்ந்த வளையத்தை நீரழுத்தம் தன் பங்குக்கு நசுக்கி இறுக்கும். அதனால் உறை பெரும்பாலும் ஆழத்தில் ஒழுகுவதில்லை. அழுத்தம் குறைந்த மேல்மட்டத்தில்தான், வளையத்தில் சிக்கிய ஒரு மணலோ தலைமயிரோ வழிவிட நீர் நுழைகிறது. இறங்கிய முதல் இரண்டு மீட்டரில் நின்று குமிழ் வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் இதனால் வந்தது. சிலிக்கோன் கிரீஸை வளையத்துக்கு மினுமினுப்பு மட்டும் வரும் அளவுக்குத் தடவ வேண்டும். கொழகொழவென்று பூசினால் அதுவே மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

படகு இந்த வேலைக்கு உகந்த இடம் அல்ல. வள்ளத்தில் சாரல், மணல், மீன் செதிள், எஞ்சின் எண்ணெய் எல்லாம் உண்டு. எனவே ஃபிலிமைக் கரையிலேயே போட்டு மூடிக்கொண்டு கிளம்புவார்கள். 36 படம் முடிந்தால் அன்றைய வேலையும் முடிந்தது. வெயிலில் கிடந்து சூடேறிய உறை நீருக்குள் போனதும் உள்ளிருக்கும் ஈரம் கண்ணாடியில் படியும். அதைத் தடுக்கச் சிலிக்கா ஜெல் பொட்டலம், மேலே ஈரத்துணி, நிழல். குதிக்கும்போது கேமராவைக் கையில் வைத்துக்கொள்வதில்லை. மூழ்காளர் இறங்கிய பின் படகிலிருப்பவர் எட்டி நீட்டுவார். ஏறும்போது கேமரா முதலில், ஆள் பிறகு. திரும்பியதும் உப்புக் காயுமுன் நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். வள்ளத்தில் நல்ல தண்ணீர் குடிக்க மட்டுமே இருக்கும் என்பதால் கேமராவுக்குத் தனிக் குடம் ஏற்றுவது படகுக்காரருக்கு வேடிக்கையாகத் தெரிந்திருந்தால் வியப்பில்லை. கடல்நீர் புகுந்த ஃபிலிம் கேமராவை உடனே நல்ல தண்ணீரில் அமிழ்த்திவைத்தால் துரு பிடிப்பதைத் தள்ளிப்போடலாம். இன்றைய மின்னணுக் கேமராவுக்குப் பெரும்பாலும் அந்த வாய்ப்பும் இல்லை. அதற்கு மாற்றாக, இறங்குமுன்பே உறைக்குள் காற்றை உறிஞ்சிவிட்டு அழுத்தம் நிலைக்கிறதா என்று பார்க்கும் சிறு பம்புகள் வந்துவிட்டன.

கேமரா நனையாமல் திரும்பினாலும் படம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே நீரில் கரைந்துபோகும். தட்டைக் கண்ணாடி வழியே பார்க்கும் பொருள், இருக்கும் தூரத்தில் முக்கால் பங்கிலேயே நிற்பதாகத் தோன்றும். ஃபிளாஷ் அடித்தால் மிதக்கும் தூசு ஒவ்வொன்றும் வெண்புள்ளியாகும். சோழமண்டலக் கரையில் இந்தத் தூசுதான் பெரிய எதிரி. ஆறுகள் கொட்டும் வண்டலும் ஓயாத அலையும் அங்கே நீரைக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன.  பூம்புகாருக்கு எதிரே தேசியக் கடலாய்வு நிறுவனம் 1991-இல் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஓர் அமைப்பைக் கண்டது. அது மனிதர் கட்டியதா என்ற வாதம் தீரவில்லை. அதே கடலில் மூழ்கிய கப்பலொன்றில் கிடைத்த ஈயக் கட்டிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1792 என்ற ஆண்டு அவற்றிலேயே பொறித்திருந்தது. மாமல்லபுரத்தில் 2002-இல் அந்த நிறுவனமும் பிரிட்டனின் அறிவியல் ஆய்வுப் பயணக் கழகமும் சேர்ந்து இறங்கியபோது, சில மீட்டர் ஆழத்திலேயே கற்சுவர்கள் கிடந்தன. ஆனால் அவற்றை மட்டியும் பாசியும் போர்த்தியிருந்தன. அத்தகைய கல்லில் உளிபட்ட இடத்தைப் படத்தைவிடத் தடவும் விரல் எளிதில் கண்டுகொள்ளும்.

தெளிந்த நீர் உள்ள மன்னார் வளைகுடாவில் கேமராவுக்கு வேறு வேலை கிடைத்தது. அங்குள்ள 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பவளப்பாறைமேல் அளவுநாடா விரித்து, அதன் நீளத்துக்கு எது உயிருள்ள பவளம், எது செத்தது, எது மணல் என்று பதிந்துகொண்டு, அதே இடத்தை மீண்டும் மீண்டும் படமெடுக்கும் முறையைத் தூத்துக்குடி ஆய்வாளர்கள் கைக்கொண்டார்கள். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் வெப்பம் ஏறிப் பவளம் வெளுத்தது. பிந்தைய ஆண்டுகளில் எந்தத் தீவில் எவ்வளவு வெளுத்தது, எவ்வளவு மீண்டது என்பதை இப்பதிவுகளை வைத்து ஒப்பிட முடிந்தது. வாய்ச்சொல்லும் கூடைக் கணக்கும் மட்டுமே இருந்த சலாபக் காலத்தில் இப்படி ஒப்பிட எதுவும் மிஞ்சியதில்லை.