விதியும் நிறுவலும்: இடைக்கால அரபு இயற்கணிதம்

கி.பி. 813 முதல் 833 வரை ஆண்ட கலீஃபா அல்-மாமூனின் காலத்தில் பாக்தாத்தில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி இயற்றிய நூலின் பெயரிலுள்ள ‘அல்-ஜப்ர்’ என்னும் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் ‘அல்ஜீப்ரா’ ஆயிற்று. சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழிந்து நிற்கும் உறுப்பை இருபுறமும் கூட்டி நிறைவாக்குவது ஜப்ர். இருபுறமும் உள்ள ஓரின உறுப்புகளை ஒன்றுக்கொன்று ஈடாகக் கழிப்பது முகாபலா. குறியீடுகள் ஏதுமின்றிச் சொற்களாலேயே கணக்குரைத்த அந்நூல், விடை காணும் விதியோடு நில்லாமல், அவ்விதி பொருந்துவதற்கான காரணத்தையும் கூறியது.

ஓர் எண்ணின் வர்க்கமும் அவ்வெண்ணின் 10 மடங்கும் சேர்ந்து 39 ஆயின் அவ்வெண் யாது என்பது அந்நூலின் புகழ்பெற்ற கணக்கு. 10இல் பாதியான 5ஐ வர்க்கித்து, வரும் 25ஐ 39உடன் கூட்டி, 64இன் வர்க்கமூலமான 8இலிருந்து 5ஐக் கழித்தால் 3 கிடைக்கும் என்பது விதி. தேடும் எண்ணைப் பக்கமாகக் கொண்ட சதுரம் ஒன்றை வரைந்து, அதன் அடுத்தடுத்த இரு பக்கங்களில் 5 அகலமுள்ள செவ்வகங்களை ஒட்டினால், மொத்தப் பரப்பு 39 ஆகும். ஒரு மூலை மட்டும் வெறுமையாக நிற்கும். பரப்பு 25 உடைய சிறு சதுரத்தால் அம்மூலையை நிரப்பியதும், பக்கம் 8 கொண்ட முழுச் சதுரம் உருவாகிவிடுகிறது.

கண்ணுக்குப் புலனாகும் இவ்விளக்கத்தோடு அமையாத தாபித் இப்னு குர்ரா (மறைவு 901), யூக்ளிடின் ‘எலிமெண்ட்ஸ்’ இரண்டாம் பகுதியின் தேற்றங்களைக் கொண்டு அதே விதிகளை நிறுவினார். இதனால் இயற்கணித விதி, அடிகோள்களிலிருந்து படிப்படியாகப் பெறப்படும் முடிவாயிற்று. முப்படிச் சமன்பாடுகளுக்குச் சதுரமும் செவ்வகமும் போதாமையால், உமர் கய்யாம் (1048–1131) பரவளையம், வட்டம் முதலிய வளைவுகள் வெட்டும் புள்ளிகளில் தீர்வைக் கண்டார்.

இதற்கு மாறாக, அல்-கரஜியும் அவர் வழிவந்த அல்-சமவ்அலும் தெரியாக் கணியங்களின் அடுக்குகளை எண்களைப் போலவே கூட்டிப் பெருக்கி, வடிவியலைச் சாராத நெறியை வகுத்தனர். ஈருறுப்புக் கோவையின் 12ஆம் அடுக்கு வரையிலான கெழுக்களை அல்-சமவ்அல் தரும் அட்டவணையில், ஒவ்வோர் அடுக்கும் முந்தியதிலிருந்தே பிறக்கிறது. பிற்காலத்தார் கணிதத் தொகுத்தறிதல் என்ற முறைக்கு இது மிக நெருங்கியது.

படத்தில் தொடங்கிய நிறுவல் இவ்வாறு கணக்கீட்டின் உள்ளேயே இடம்பெற்றபோதும், முதற்படம் பயனற்றுப் போகவில்லை. இன்று பள்ளிகளில் ‘வர்க்கப் பூர்த்தி முறை’ என்று கற்பிக்கப்படும் வழியில் இருபுறமும் கூட்டப்படும் எண், அன்று வெறுமையாக நின்ற மூலையின் பரப்பேயாகும்.