நிறம் காணும் கண்ணின் வரலாறு

மாணிக்கம் விளையும் இரத்தினபுரியிலே நிறம் என்பது செல்வம். கல்லின் சிவப்பு ஒரு சாயல் மாறினும் விலை மாறும். இத்தகைய மண்ணிலே வாழும் நாம், எல்லார் கண்ணும் நிறத்தை ஒன்றுபோலக் காண்பதில்லை என்பதை அறிந்திருத்தல் நன்று.

இங்கிலாந்திலே ஆசிரியராயிருந்த ஜோன் டால்டன் என்னும் அறிஞர், பிறர் இளஞ்சிவப்பெனக் கூறிய ஒரு மலர் பகலிலே தமக்கு நீலமாகவும், மெழுகுவர்த்தி ஒளியிலே சிவப்பாகவும் தோன்றுவதை 1792 இல் கண்டார். அவர் சகோதரருக்கும் அவ்வாறே தோன்றிற்று. 1794 இல் கற்றோர் சபையிலே இதனை எடுத்துரைத்தார். தம் கண்ணினுள்ளே உள்ள நீர்மம் நீலமாயிருப்பதே காரணம் என்பது அவர் கருத்து. 1844 இல் அவர் இறந்தபின், அவர் விருப்பப்படியே கண்ணைத் திறந்து பார்த்தனர். நீர்மம் தெளிவாகவே இருந்தது! பேணி வைத்த கண்ணை 1995 இல் மீண்டும் ஆராய்ந்தபோதே, பச்சையை உணரும் நிறப்பொருள் அவருக்கு இல்லையென்பது தெளிவாயிற்று.

நம் விழித்திரையிலே மூவகைக் கூம்புக் கலங்கள் உள்ளன. சிவப்புக்கோ பச்சைக்கோ உரிய வகை குறைவுற்றால் அவ்விரு நிறங்களும் மயங்கும். பச்சை இலைகளுக்கிடையே பழுத்த மிளகாயை அவர்கள் வடிவங்கொண்டே தேட வேண்டும். எனினும் அவர்கள் உலகம் இருண்டதன்று. நீலமும் மஞ்சளும் நன்கு தெரியும்.

இக்குறை எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழியே வருவது. ஆணுக்கு அது ஒன்றே. அதுவும் தாய் தந்தது. ஆதலால் தாய்க்குக் குறை தோன்றாமலே பாட்டனிடமிருந்து பேரனுக்கு வரலாம். ஐரோப்பிய வழியினருள் ஆண்களில் நூற்றுக்கு எண்மர் அளவிலும், பெண்களில் இருநூற்றுக்கு ஒருவர் அளவிலும் இஃது உண்டு.

1875 இல் சுவீடனிலே இரு புகையிரதங்கள் மோதி ஒன்பதின்மர் மாண்டனர். நிறக்குருடே காரணமாகலாம் என ஐயுற்ற பேராசிரியர் ஹோல்ம்கிரென், வர்ண நூற்கற்றைகளைப் பிரிக்கச் செய்து ஊழியரைச் சோதித்தார். அவ்வையம் சரியா என்பதில் பிற்கால அறிஞர் கருத்து வேறுபடினும், சோதனை நாடெங்கும் பரவிற்று. 1912 இல் இரத்தினபுரிக்குப் புகையிரதம் வந்தபோது, பல நாட்டுப் புகையிரதப் பகுதிகளில் அது வழக்காகியிருந்தது. 1917 இல் ஜப்பானிய வைத்தியர் இஷிஹாரா, புள்ளிகளுக்குள் இலக்கம் மறைந்த அட்டைகளை வெளியிட்டார்.

விலக்குவதற்கென எழுந்த சோதனை, எல்லாத் தொழிலுக்கும் பூட்டாகிவிடலாகாது. புனேயிலுள்ள திரைப்படக் கல்லூரி நிறக்குருடுடையோரையும் எல்லாப் பாடநெறிகளிலும் சேர்த்தல் வேண்டுமென இந்திய உச்ச நீதிமன்றம் 2022 இல் தீர்ப்பளித்தது.

பெரியோர்களே, இலைக்குப் பழுப்பு நிறந் தீட்டும் சிறுவனை மந்தனென்று ஏசாதீர், கண்ணைச் சோதிப்பியுங்கள். வாலிபர்களே, தொழில் நாடுமுன் உங்கள் கண்ணை நீங்களே அறிந்துகொள்ளுங்கள். குறையை அறிந்தவனுக்கு வழி பலவுண்டு, அறியாதவனே இடறுவான்.